கவிஞருக்கு நான் திறந்த கண்கள்

ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு வேலை உண்டு. அதை யாரும் போர்டில் எழுதிவைப்பதில்லை. இறந்தவர்களுக்குக் கண் திறந்து கொடுக்கிற வேலை. உயிரோடு இருந்தவரை படமே எடுத்துக்கொள்ளாத மனிதர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் போன பிறகு நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு, அவசரமாக எடுத்த ஒரே படத்தை வீட்டுக்காரர்கள் கொண்டுவருவார்கள். "கண்ண மட்டும் தொறந்து குடுத்துருங்க, வீட்ல மாட்டணும்" என்பார்கள். சங்கரன்கோவிலில் எங்கள் ஸ்டுடியோவில் படம் எடுப்பது என் வீட்டுக்காரர், கண் திறப்பது நான்.

அதற்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களில் நல்ல கண் உள்ளவர்களின் கண்களை வெட்டி அதில் போட்டுவைப்பேன். எலுமிச்சை மண்டிக்காரர் கண், தறி ஓட்டுகிறவர் கண், வாத்தியார் கண் என்று அது பாட்டுக்குச் சேர்ந்துகொண்டே இருந்தது. திருட்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இது எங்கள் ஆளுடைய கண் இல்லையே என்று ஒரு குடும்பம் கூட வந்து சண்டை பிடித்ததில்லை. படத்தைக் கையில் வாங்கியதும் அழுவார்கள். நானும் கூட அழுதிருக்கிறேன்.

கவிஞரும் அப்படித்தான் என்னிடம் வந்தார். வெளியூரில் அவரை அவ்வளவாகத் தெரியாது. எங்கள் சுற்றுவட்டாரத்துக்கு அவர்தான் கவிஞர். படம் எடுக்க யார் வந்தாலும் துண்டால் முகத்தை மூடிக்கொள்வாராம். அவர் இறந்த அன்று எடுத்த படத்தை உறவினர் ஒருவர் கொண்டுவந்து, மறுநாள் பேப்பருக்குக் கொடுக்க வேண்டும், இன்றைக்கே கண் திறந்துவிடுங்கள் என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஃபோல்டரில் இருந்த ஒரு கண்ணும் பொருந்தவில்லை. முகத்தில் வெளிச்சம் இடது பக்கம் மேலிருந்து விழுந்திருந்தது. அப்படி வெளிச்சம் விழுந்த ஒரே கண் என் வீட்டுக்காரருடையதுதான்.

அது நான் எடுத்த படம். கேமரா பழகிக்கொண்டிருந்த நாட்களில், அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, லென்ஸ் மூடியைக் கழற்றாமலே "ரெடி" என்றேன். பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிக்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற மனுஷன். உதட்டை இறுக்கிக்கொண்டார். சிரிப்பு முழுவதும் கண்ணில் போய் நின்றுவிட்டது. மூடியைக் கழற்றிவிட்டு அதைத்தான் எடுத்தேன். அந்தக் கண்ணைத்தான் கவிஞருக்கு வைத்தேன்.

பேப்பரில் வந்தது. வீட்டில் மாட்டினார்கள். பிறகு பனவடலிசத்திரம் போகிற ரோட்டில் நினைவு மண்டபம் கட்டியபோது, அந்தப் படத்தைப் பார்த்தே சிமெண்டில் சிலை செய்து வர்ணம் பூசி உட்காரவைத்தார்கள். திறப்பு விழாவில் பேசிய ஒருவர் கவிஞரின் குறும்பு அந்தக் கண்களிலேயே தெரிகிறது என்று கால்மணி நேரம் பேசினார். என் வீட்டுக்காரர் கூட்டத்துக்கு நடுவில் என் காதருகே குனிந்து, "ஏட்டி, உசுரோட இருக்கும்போதே எனக்குச் செலை வச்சுட்டாங்களே" என்றார். நான் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவர் ஜன்னல் வழியே தனக்குத்தானே ஒரு சல்யூட் வைப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. வீட்டில் மாட்ட ஒரு படம் தேடினால் கிடைக்கவில்லை. ஊரையே எடுத்தவருக்குத் தன் படம் இல்லை. அடையாள அட்டையில்கூடக் கண் சிமிட்டிய நேரத்தில்தான் எடுத்திருந்தார்கள். பழைய கம்ப்யூட்டரோடு அந்த ஃபோல்டரும் போய்விட்டது. யாரோ ஒருவருடைய ஆல்பத்தில், கூட்டத்தில் நின்று கேமராவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த முகத்தை வெட்டிப் பெரிதாக்கி மாட்டினோம். இமைதான் தெரியும். கவிஞர் படத்தின் பிரிண்ட் ஒன்று என்னிடம் இருந்தது. அதிலிருந்து கண்ணை எடுத்து வைத்துவிடலாம்தான். ஆனால் இன்னொரு செத்த மனுஷனுக்குக் கொடுத்த கண்ணைத் திரும்பப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. அதற்குப் பதிலாக ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு பனவடலிசத்திரம் ரோட்டில் வண்டியை விடுவேன். மண்டபத்தின் முன்னால் நின்று ரேஷன் கடை, கரண்டு பில், முட்டிவலி எல்லாம் சொல்லிவிட்டு வருவேன். பார்க்கிறவர்கள் என்னைப் பெரிய கவிதைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த வருஷம் மண்டபத்தைப் புதுப்பித்தார்கள். மூன்று மாதம் ஓலைத் தட்டியால் மறைத்துவிட்டார்கள். எனக்கு அந்த மூன்று மாதமும் சோறு இறங்கவில்லை. மண்டபக் குழுவின் செயலாளர், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி, ஒரு நாள் ஸ்டுடியோவுக்கு வந்தார். "தாயி, நாளான்னைக்குத் தெறப்பு விழா. மண்டபத்தையும் செலையையும் நல்லா எடுத்துத் தரணும்" என்றார். சாதாரணமாக நான் நூறு நொட்டை சொல்லித்தான் ஒத்துக்கொள்வேன். அன்றைக்கு உடனே சரி என்றதும் அவர் என் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் வண்டியில் போனேன். ஆனி மாதக் காற்று. மலைப் பக்கமிருந்து மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவற்றின் நிழல் கரிசல் காட்டின் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தது. ரோடு ஒரு கணம் வெயிலில் இருக்கும், மறுகணம் சாம்பல் பூத்துவிடும். காற்றாலைகள் தூக்கத்தில் புரள்வது மாதிரி சுற்றின. எனக்கும் பாதித் தூக்கத்தில் வண்டி ஓட்டுவது போலத்தான் இருந்தது. தலையில் ஹெல்மெட், அதற்குள் அவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

தட்டியை எடுத்துவிட்டார்கள். தூண்களுக்குப் புது வெள்ளை. விரிசல் விட்ட மேல்தளத்தைப் பூசி, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, அரளியும் செம்பருத்தியும் நட்டிருந்தார்கள். சிலை மஞ்சள் துணிக்குள் இருந்தது. காற்று வரும்போது துணி உப்பி, உள்ளே யாரோ மூச்சு விடுவது போல அடங்கியது. நான் நேரே அதனிடம் போகவில்லை. தூண்களை எடுத்தேன், படிகளை எடுத்தேன், கல்வெட்டுப் பலகையை நான்கு கோணத்தில் எடுத்தேன். மேகம் விலக வேண்டும், பிறகு மூட வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் சிலை வேலை பார்த்த ஸ்தபதியிடம் துணியை எடுக்கச் சொன்னேன். அவர் கோயில் கோபுரங்களில் சுதை பொம்மைகளுக்கு வேலை செய்து பழகியவர். துணி விலகியது. புது ஜிப்பா, புது துண்டு, முடியில் ஒவ்வொரு கோடும் அழகாக. கண் இருந்த இடத்தில் இரண்டு வெள்ளைப் பரப்பு. ஒன்றுமே இல்லை.

"கண்ணு எங்கய்யா?" என்று கத்திவிட்டேன்.

"என்னம்மா இப்படிக் கேக்குதீக? கண்ணு கடைசியிலதான தொறக்கணும்? நாளைக்குக் காலையில நல்ல நேரம் பாத்துத்தான் தொறப்பேன். கவிஞரா இருந்தா என்ன, சாமியா இருந்தா என்ன, எனக்கு முறை ஒண்ணுதான்" என்றார் அவர். பழைய வர்ணத்தைச் சுரண்டும்போது கண்ணும் போய்விட்டதாம். "பழைய படம் ஒண்ணு கெடச்சா அத வச்சு வரைஞ்சுருவேன். உங்கட்ட இருக்கும்னு அண்ணாச்சி சொன்னாரு."

அந்தப் பிரிண்ட் என் பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தூரத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்து, "நல்ல கண்ணு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நாளைக்கு என் வீட்டுக்காரர் திரும்பி வந்துவிடுவார்.

அப்போதுதான் கரிவலம்வந்தநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்த கவிஞரின் மகள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். ஒவ்வொரு வருஷமும் அப்பாவின் நினைவு நாளில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. பிளாஸ்டிக் உறையில் ஒரு வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்திருந்தாள். பழைய வீட்டைக் காலி செய்தபோது ஒரு நோட்டுக்குள் கிடைத்ததாம். செயலாளர் அண்ணாச்சி அதைக் கேள்விப்பட்டு, ஸ்தபதிக்கு உதவும், கொண்டுவா என்று சொல்லியிருந்தார்.

"அக்கா, இதுல அப்பா படம் நகத்தளவுதான் இருக்கு. நீங்க பெருசு பண்ணிக் குடுப்பீகன்னு சொன்னாங்க" என்று நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். மங்கலாக இருந்தது. ஆனால் முப்பது வருஷமாக முகங்களோடு கிடக்கிறவளுக்குத் தெரியாதா? இடது இமை கொஞ்சம் தொங்கிய, களைத்துப்போன கண்கள். கேமராவைப் பார்க்கப் பிடிக்காமல் பக்கவாட்டில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன. குறும்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இதுதான் கவிஞர். இதைப் பெரிதாக்கிக் கொடுத்தால் என் வீட்டுக்காரர் கண் விழித்திருக்கிற, நான் போய்ப் பேசுகிற ஒரே இடமும் போய்விடும்.

"இத ஒண்ணும் பண்ண முடியாதும்மா. பெருசாக்குனா ஒடஞ்சு போயிரும்" என்றேன். தொழில் பொய். வாய் கூசாமல் வந்தது.

அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ பெரிய பாரத்தை இறக்கிவைத்தவள் போல மண்டபப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லதாப் போச்சு அக்கா. கொண்டு வரச் சொன்னாங்களேன்னுதான் கொண்டாந்தேன்" என்றாள். ஸ்தபதியின் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த பிரிண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அப்பா நல்ல மனுசன்தான். ஆனா மூஞ்சியப் பாத்துப் பேசினதே கெடையாது. எனக்குக் கல்யாணமாகிப் போகும்போதும் வேற எங்கயோ பாத்துக்கிட்டுத்தான் போயிட்டு வான்னாரு. அவரு போனப்ப நான் புள்ள பெத்துப் பச்ச ஒடம்பாக் கெடந்தேன், வர விடல. பொறவு இந்தப் படத்தப் பாத்தேன். கடைசிக் காலத்துல எடுத்ததுபோல, மனசு எளகியிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன். இந்தக் கண்ணு என்னப் பாக்குதுல்லா? இத்தன வருசமா இங்க வந்துதான் நான் எல்லாத்தையும் சொல்லுதேன்."

நானும் அப்படித்தான் என்று சொல்ல நாக்கு எழும்பியது. அடக்கிக்கொண்டேன். ஒரு மேக நிழல் எங்கள் இருவர் மேலும் ஏறி இறங்கிப் போனது.

பீடத்தில் ஒரு சிறு பொந்து விட்டிருந்தார்கள். கவிஞரின் பேனாவையும் ஒரு நோட்டையும் உள்ளே வைத்திருந்தார்கள். அதை மூட ஸ்தபதி சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து போய் அந்த அட்டையை உறையிலிருந்து உருவினாள். "இதுவும் அவரு சாமானோட உள்ளயே கெடக்கட்டும்" என்று பொந்துக்குள் கையை விட்டாள். ஸ்தபதி கரண்டி நிறைய சாந்தை அள்ளிக்கொண்டு காத்திருந்தார்.

"நில்லுங்க!" என்றேன்.

ஏன் சொன்னேன்? பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் எனக்குச் சாதகமாகவே முடிந்திருக்கும். ஆனால் அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே நிஜப் படம் அது. எத்தனையோ பேர் ஒரு படம்கூட இல்லாமல் போய், அவர்கள் வீட்டார் எங்கள் கடையில் வந்து நின்ற கோலத்தை நான் பார்த்திருக்கிறேன். என் கண் முன்னாலேயே ஒரு படத்தைச் சிமெண்டுக்குள் போகவிட என்னால் முடியவில்லை. அதைவிட, அந்தப் பெண் அதை என் பொய்யை நம்பி வைக்கிறாள்.

சொல்லிவிட்டேன். பிணப் படம், அவசரம், ஃபோல்டர், இடது பக்க வெளிச்சம் எல்லாம். "நீங்க பாக்குறது உங்க அப்பா கண்ணு இல்லம்மா. எங்க வீட்டுக்காரரு கண்ணு. அவரு பாக்குறது உங்களயும் இல்ல. படம் எடுத்த என்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு."

ஸ்தபதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தாள். பஸ் ஒன்று வந்து நின்றது. போய்விடுவாள் என்று நினைத்தேன். பஸ் போனது, அவள் புழுதிக்குள் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் இருபது வருஷத்தை நான் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிட்டேன் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. "பெருசு பண்ண முடியுமா, முடியாதா? நெசத்தச் சொல்லுங்க" என்றாள்.

"முடியும்."

"அப்பப் பண்ணுங்க. ஊரான் வீட்டு ஆம்பளயப் பாத்து இனி நான் அப்பான்னு கும்புட முடியாது."

நியாயமான பேச்சு. மேக வெளிச்சத்தில் அட்டையைப் படியில் வைத்துப் படம் எடுத்தேன். சாயங்காலம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து புள்ளிகளை மெல்ல மெல்ல ஒதுக்கினேன். அந்தக் கண்ணில் நான் எதையும் சேர்க்கவில்லை. தொங்கின இமையைத் தூக்கவில்லை. மானிட்டரில் கவிஞர் என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. பிரிண்ட் போட்டு ஸ்தபதி கையில் கொடுத்துவிட்டு வந்து படுத்தேன்.

மறுநாள் நல்ல நேரத்துக்கு முன்பே போய்விட்டேன். விழா பத்து மணிக்கு. ஸ்தபதி குளித்து விபூதி பூசிக்கொண்டு ஏணியில் ஏறினார். முதலில் வலது கண், பிறகு இடது கண். நான் கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்தேன். லென்ஸுக்குள் பார்க்கப் பார்க்க, என் வீட்டுக்காரர் அந்த முகத்தைவிட்டு இறங்கிப் போனார். அவர் இரண்டாவது முறை செத்ததாகவே எனக்குப் பட்டது. விரல் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

செயலாளர் அண்ணாச்சி வந்து பார்த்துத் திடுக்கிட்டார். "என்னம்மா இது, குறும்பு எங்க போச்சு? யாரயுமே பாக்காமல்லா இருக்காரு!"

"இதான் எங்க அப்பா" என்றாள் மகள்.

பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து வந்திருந்தாள். நேர் முன்னால் நின்று பார்த்தாள். சிலை அவளைப் பார்க்கவில்லை. நான் எடுக்க வேண்டிய படத்துக்கு அதுதான் சரியான இடம், கேமராவைத் தூக்கினேன். அவள் திடீரென்று நகர ஆரம்பித்தாள். சிலையின் பார்வை போகிற பக்கமாகவே, செடிகளைத் தாண்டி, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, வேலியை ஒட்டி ஒரு மூலைக்குப் போய்விட்டாள். அங்கே நின்று நிமிர்ந்தாள்.

"இங்கன நின்னாப் பாக்காரு, அக்கா" என்றாள். பிறகு வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அட்டைக்குப் படம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனப்ப நான்தான் கூடப் போனேன். அப்பா நாற்காலியில இருந்தாரு. நான் இந்தப் பக்கம்தான் நின்னேன்."

அன்றைக்கு அவர் மகளைத்தான் பார்த்தாரா, வரிசையில் நின்ற வேறு யாரையோ பார்த்தாரா, எனக்குத் தெரியாது. ஆனால் அவள் அந்த மூலையைவிட்டு நகரவில்லை. வெயில் வந்தது, மேகம் மூடியது, மறுபடி வெயில் வந்தது. அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்ததை நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எடுத்தேன். பிறகு போட்ட விழா மலரில் அந்தப் படம்தான் வந்தது.

கூட்டம் சேர ஆரம்பித்ததும் அவள் ஸ்தபதியிடம் போய் பழைய பிரிண்டைக் கேட்டு வாங்கினாள். அதில் ஒட்டியிருந்த சாந்துத் துணுக்கை முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"இத்தன வருசம் எங்க அப்பாவுக்குக் கண்ணு குடுத்திருக்காரு. பெரிய மனசு" என்றாள். "இனி நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அக்கா."

என் வீட்டுக்காரர் போன அன்றுகூட நான் அழவில்லை. ஆல்பம் பாக்கி இருக்கிறது, ஆர்டர் பாக்கி இருக்கிறது என்று ஓடிக்கொண்டிருந்தேன். மைக் செட்டில் வரவேற்புரை ஆரம்பித்திருந்தது. அத்தனை பேர் நடுவில், கழுத்தில் கேமரா தொங்க, அந்தப் பிரிண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.